ஏட்டுப் பிழையும் உடற்பிழையும்

(போடிநாயக்கனூரில் தொழிலாளரும் பெற்றோரும் மாணவரும் கூடியிருந்த மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய பொழிவு)

விடியுமுன் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்தில் நாளெல்லாம் உழைத்துவிட்டு, இறங்கியதும் வீடு செல்லாமல் இங்கு வந்தமர்ந்திருக்கும் உடன்பிறப்புகளே, தாய்மாரே, இளந்தமிழ் நெஞ்சங்களே!

தமிழாசிரியன் ஒருவன் குடற்புற்றைப் பற்றிப் பேச எழுவதா என உங்களுட் சிலர் எண்ணுவது எனக்குத் தெரிகின்றது. நானும் முதலில் மறுத்தவனே. புறநானூற்றைப் பற்றிப் பேசுகின்றேன், நோயைப் பற்றி மருத்துவர் பேசட்டும் என்றேன். ஆனால் என் வீட்டுத் திண்ணையில் நிகழ்ந்த ஒன்று என்னை விடவில்லை. அதனை முதற்கண் கூறிவிடுகின்றேன். உரியவர்களின் இசைவு பெற்றே கூறுகின்றேன். ஆளை அறிந்துகொள்ள இயலாவண்ணம் சிலவற்றை மாற்றியும் உள்ளேன்.

ஆறு திங்களுக்கு முன் என் பழைய மாணவன் ஒருவன் வந்தான். அகவை 31. ஏலக்காய்க் கடை ஒன்றில் கணக்கெழுதுகின்றவன். கையில் நான்கு பக்கத் தாள். நான்கும் ஆங்கிலம்.

"ஐயா, இதைப் படித்து எனக்குப் பொருள் சொல்ல வேண்டும்" என்றான்.

"மருத்துவரைக் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்கிறாயே, தம்பி?"

"கேட்டேன் ஐயா. மாற்றம் ஒன்று இருக்கிறது, ஆனால் அதைப் பற்றி உறுதியாக ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார். அது நோயா, நோயில்லையா? இரண்டும் இல்லையென்றால் பணம் வாங்கிக்கொண்டு இதை ஏன் கொடுத்தார்கள்?"

அவன் தந்தை 44ஆம் அகவையில் பெருங்குடற் புற்றால் இறந்தவர். பெரியப்பாவும் அவ்வாறே, அவர்க்கு 47. அத்தைக்கு 50ஆம் அகவையில் கருப்பையிற் புற்று. கருப்பையை அகற்றிவிட்டதால் இன்றும் நலமாக உள்ளார். தந்தைக்கு மலத்துடன் குருதி போகத் தொடங்கி ஈராண்டுகள் வரை, மூலச்சூடு என்று சொல்லி மோரும் கருணைக்கிழங்குமாகக் கொடுத்துக் கொண்டிருந்தார்களாம். இந்தப் பேச்சைக் கேளாத தெரு நம் ஊரில் உண்டா? மலையேறும் வண்டியில் குந்தியே போகின்றோம், காரமாக உண்கின்றோம், சூடு பிடித்துக்கொண்டது என்போம். சூடு தணியட்டும் எனக் காத்திருக்கும் ஈராண்டில் புற்று குடற்சுவரைத் துளைத்துக் கல்லீரல் சென்று சேர்ந்துவிடுகின்றது.

இப்பொழுது அவன் தங்கைக்குத் திருமணப் பேச்சு. மாப்பிள்ளை வேறெவரும் அல்லர். அந்த அத்தையின் மகன். இதனை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் மீண்டும் வருவேன்.

அந்தத் தாளில் இருந்த சொற்றொடரை அன்றிரவு முழுதும் எண்ணிப் பார்த்து, "பொருள் துணியப்படாத மாற்றம்" என்று தமிழாக்கினேன். எழுதி முடித்தவுடன் எனக்கே ஒரு திகைப்பு. இஃது எனக்குப் பழக்கமான இடமாயிற்றே! நாற்பதாண்டுகளாக நான் படித்தும் படிப்பித்தும் வந்த பதிப்பு நூல்களின் அடிக்குறிப்பில் இருப்பது இதுவன்றோ!

எவ்வாறு என விளக்குகின்றேன். நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவுள்ளும் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட சுவடி ஒன்று உளது. அதன் நீளம் ஏறத்தாழ 300 கோடி எழுத்து. தந்தை வழி ஒருபடி, தாய் வழி ஒருபடி, ஆக இருபடிகள். உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியுந்தோறும் இச்சுவடி முழுதும் பெயர்த்தெழுதப்பட வேண்டும். குடலின் உட்சுவர் சில நாள்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக் கொள்வது; ஆகலின் அங்கே ஏடெழுதும் வேலை ஓய்வதே இல்லை. எழுதுவோன் கை பிழை செய்யாதிருக்குமா? செய்யும். ஒரே எழுத்துத் தொடர்ந்து பலமுறை வருமிடத்தில் ஒன்று கூடவோ குறையவோ எழுதிவிடுவது ஏட்டிலும் உண்டு, உடலிலும் உண்டு. அத்தகைய பிழைகளைப் பின்னாலேயே வந்து பார்த்துத் திருத்தும் மெய்ப்புத் திருத்துநர் உடலுக்குள் இருக்கின்றார்கள். அவர்களை ஆக்கும் மரபணுக்களுள் தலையானவை நான்கு: எம்.எல்.எச்.1, எம்.எசு.எச்.2, எம்.எசு.எச்.6, பி.எம்.எசு.2. பெயர்கள் வாயில் நுழையாவிடினும் தாழ்வில்லை. மெய்ப்புத் திருத்துநர் நால்வர் என்று நினைவு வைத்தாற் போதும்.

பெற்றோரில் ஒருவரிடமிருந்து இந்நால்வருள் ஒருவரது படி பழுதுற்று வந்தாலும் மற்றைப் பெற்றோரின் நற்படி வேலையைச் செய்துகொண்டிருக்கும். என்றோ ஒருநாள் ஓர் உயிரணுவில் அந்த நற்படியும் கெடுமாயின், அவ்வுயிரணுவில் திருத்துவார் இல்லை. பிழை மேல் பிழையேறிப் புற்றாகின்றது. பெருங்குடலும் கருப்பையுமே இதில் முதலில் அடிபடும் உறுப்புகள். மேலைநாட்டு மருத்துவர் என்றி இலிஞ்சு என்பார் பெயரால் இதனை இலிஞ்சு நோய்க்குறித்தொகுதி என்பர்.

ஒன்றை இங்கேயே தெளிவாக்கிவிடல் வேண்டும். குடற்புற்று யாவும் கால்வழி நோயன்று. 2022இல் உலகெங்கும் ஏறத்தாழ 19 இலக்கம் பேர்க்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அவருள் நூற்றுக்கு மூவரளவினரே இலிஞ்சு வழியினர். புகையும் குடியும் உடற்பருமனும் பதப்படுத்திய இறைச்சியும் நார்ச்சத்தற்ற உணவும் எஞ்சியோரிற் பெரும்பாலார்க்குக் கரணியங்களில் அடங்கும். "எங்கள் பரம்பரையில் இல்லை" என்று சொல்லிக்கொண்டு கடைவாசலில் புகைவிட்டு நிற்பவர்க்கு என் பேச்சு துணைவராது.

இலிஞ்சு வழிப் புற்றை முதலில் கண்டு சொன்னவர் மருத்துவரும் அல்லர் என்பது எனக்குப் பெருவியப்பு. 1895இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் துணி தைத்துப் பிழைத்த பெண் ஒருத்தி, ஆல்பிரட்டு வார்த்தின் என்னும் நோய்க்கூற்று அறிஞரிடம், தானும் தன் குடும்பத்தார் பலரைப் போல் குடலிலோ கருப்பையிலோ புற்று வந்து இளமையிலேயே இறக்கப் போவதாகச் சொன்னாள். சொன்னபடியே கருப்பைப் புற்றால் இறந்தாள். வார்த்தின் அதனைப் புறந்தள்ளாமல் அவள் குடும்பத்தின் கொடிவழியை எழுதினார், 1913இல் வெளியிட்டார். உலகம் கேட்கவில்லை. இலிஞ்சு 1966இல் வேறு குடும்பங்களைக் கொண்டு மீண்டும் எழுதினார், பலர் நம்பவில்லை. 1993இலும் 1994இலும் அந்த மரபணுக்கள் கண்டறியப்பட்ட பின்னரே ஏற்றனர். தையற்காரி ஒருத்தி தன் வீட்டுச் சாவுகளை எண்ணிப் பார்த்துச் சொன்ன உண்மையை அறிவியல் எட்டிப்பிடிக்க ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின. நம் வீடுகளில் பாட்டிமார் எண்ணிச் சொல்வதையும் கேட்பார் வேண்டுமன்றோ?

தனி ஒருவரின் செய்தியன்றி, ஒரு மக்கட் கூட்டத்தின் மரபணுச் செய்தி முழுதும் கைக்கு வந்தால் என்ன பயன் என்பதற்குப் பின்லாந்து சான்று. அங்கே இந்நோயுள்ள குடும்பங்களிற் பெரும்பகுதி, எம்.எல்.எச்.1 மரபணுவில் ஒரே வகைப் பிழையைப் பெற்றிருந்தன என்பதை 1995இல் ஆய்வாளர் காட்டினர். பல நூறாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு மூதாதையிடமிருந்து கிளைத்துக் கிளைத்துப் பரவிய பிழை அது. பிழை எவ்வரியில் எனத் தெரிந்துவிட்டால் சுவடி முழுவதையும் படிக்க வேண்டுவதில்லை. அவ்வரியை மட்டும் பார்த்தாற் போதும். செலவும் சிறிது, விடையும் உறுதி. அந்நாட்டார் இத்தகைய 22 குடும்பங்களைச் சேர்ந்த 252 பேரைப் பதினைந்தாண்டுகள் தொடர்ந்து பார்த்து 2000இல் முடிவு வெளியிட்டனர். மூன்றாண்டுக்கு ஒருமுறை குடலுள் குழாய் செலுத்திப் பார்க்கும் ஆய்வுக்கு உட்பட்டோர் 133 பேரில் எண்மர்க்கே குடற்புற்று வந்தது; உட்படாதோர் 119 பேரில் 19 பேர்க்கு வந்தது. குடற்புற்றால் இறந்தோர் முதற்சாராரில் ஒருவருமிலர். மற்றைச் சாராரில் ஒன்பதின்மர். ஏனெனில் அவ்வாய்வு நோயைக் காண்பதோடு நிற்பதில்லை. புற்றாக மாறக்கூடிய குடல்முளைகளை அப்பொழுதே கிள்ளி எறிந்துவிடுகின்றது.

யூதருள் அசுக்கனாசி என்னும் பிரிவாரிடம் 1997இல் கண்டறியப்பட்ட மற்றொன்று இன்னும் நுட்பமானது. ஏ.பி.சி. என்னும் மரபணுவில் ஓரெழுத்து மாறியுள்ளது. அவருள் நூற்றுக்கு அறுவரிடம் அம்மாற்றம் உண்டு. அவ்வோரெழுத்தால் நேரடியாக ஒரு கேடும் இல்லை. ஆனால் இடையில் நின்ற வேற்றெழுத்து மாறிவிட்டதால் அவ்விடத்தில் ஒரே எழுத்து எட்டு முறை தொடர்ந்து நிற்கின்றது. ஏடெழுதுவோன் எண்ணிக்கை தவறுவதற்கு அதனினும் வாய்ப்பான இடம் வேறு வேண்டுமா? அதனால் குடற்புற்றின் இடர்வாய்ப்பு சிறிது மிகுகின்றது. சுவடி படித்த எவர்க்கும் இது விளங்கும்.

இனி அந்த மாணவனின் தாளுக்கு வருவோம். சாமிநாதர் 1887இல் சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றினார் என்று தேர்வுக்கு எழுதுகின்றோம். அப்பணியின் கடுமை எங்கே இருந்தது? ஓர் ஏட்டில் ஒரு சொல் வேறாக இருக்கின்றது. அது எழுதினோன் பிழையா? அல்லது பொருட்பேறுடைய பாட வேறுபாடா? ஓர் ஏட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இதனை எவராலும் துணிய இயலாது. ஊர் ஊராக அலைந்து பல படிகளைத் திரட்டி ஒப்புநோக்க வேண்டும். நல்ல ஏடுகள் பலவற்றில் அச்சொல்லே இருந்தால் அது பிழையன்று. பொருள் சிதைந்த ஏடுகளில் மட்டுமே இருந்தால் ஐயம் வலுப்படும். ஒப்புநோக்கப் படிகளே கிடைக்காவிடின், மூலத்தில் கைவையாமல் அடியில் குறித்து வைப்பார்கள்.

மருத்துவ அறிவியலும் அதையே செய்கின்றது. ஒரு மாற்றம் நலமாக உள்ள மக்களிடம் பரவலாகக் காணப்பட்டால் அது வெறும் வேறுபாடு. நோயுற்ற குடும்பங்களில் நோயோடு ஒட்டியே சென்றால் அது கேடான பிழை. என் மாணவனின் மாற்றம் இவ்விரண்டில் எதைச் சேர்ந்தது என ஒப்புநோக்கப் படிகள் போதியன இல்லை. மேலைநாட்டுச் சுவடிகள் இலக்கக் கணக்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. வைகைக் கரையின் சுவடிகள் அங்கே மிகச் சில. யாழ்ப்பாணத்து ஏடுகளை மட்டும் வைத்துக்கொண்டு நெல்லை ஏட்டின் சொல்லைப் பிழை எனத் தீர்ப்பது போன்றதே இது. (தாமோதரனாரைக் குறை கூறுவதாக எவரும் கொள்ளற்க. அவர் இல்லையேல் கலித்தொகை ஏது?)

இதே குறை இன்னொரு பக்கத்திலும் உண்டு. மெய்ப்புத் திருத்துநர் கெடுவது போன்ற பெரும்பிழை அரிது. அதுவன்றி, ஒவ்வொன்றும் கடுகளவே இடர் கூட்டும் சிறு மாற்றங்கள் பல உள. அவற்றையெல்லாம் கூட்டிப் பெருக்கி ஒவ்வொருவர்க்கும் ஓர் இடர் எண்ணைக் கணிக்கின்றனர். அவ்வெண்ணைக் கொண்டு யாரை முன்னதாக ஆய வேண்டும், யாரைப் பின்னர் ஆயலாம் என மக்கட் கூட்டம் முழுவதையும் வரிசைப்படுத்தலாம் என்பது நோக்கம். நல்ல நோக்கமே. 2023இல் வெளியான பேராய்வு ஒன்று, நோயுற்றோர் 1,00,204 பேரையும் நோயற்றோர் 1,54,587 பேரையும் ஒப்பிட்டு 205 இடங்களைக் குறித்தது. அத்தனை பேரும் யாவர்? ஐரோப்பிய வழியினரும் கிழக்காசிய வழியினரும். நாம் அதில் இல்லை. அவர்கள் உடலுக்கு வெட்டிய சட்டையை நமக்கு மாட்டினால் தோளில் இறுக்கும், இடுப்பில் தொளதொளக்கும். அவ்வெண்ணைப் பார்த்து நம்மவன் ஒருவன் வீணே அஞ்சவும் கூடும்; அஞ்ச வேண்டியவன் அயர்ந்து தூங்கவும் கூடும். பின்னதுதான் கொடிது.

இதற்குப் பிறரை மட்டும் குறை கூறுவதில் பயனில்லை. நம் பக்கத்துக் குறையை நானே கூறுகின்றேன். என்னைச் சினந்தாலும் சினந்துகொள்ளுங்கள். இங்கிருந்து மதுரை செல்லும் வழியில் உசிலம்பட்டிப் பக்கத்தில் சோதிமாணிக்கம் என்னும் சிற்றூர் இருக்கின்றது. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் அவர்களின் ஆய்வில், ஆப்பிரிக்காவிலிருந்து தொல்பழங்காலத்தில் வெளியேறி வந்த மாந்தரின் குறி ஒன்று அவ்வூரார் சிலரிடம் காணப்பட்டது. எம்.130 என்பர். செய்தி வந்தபொழுது நாம் எத்துணை மகிழ்ந்தோம்! மேடைதோறும் முழங்கினோம், நானும் முழங்கினேன். ஆனால் அக்குறி தந்தைவழிக் கோடு ஒன்றை மட்டுமே காட்டுவது. நோயைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. நம் குருதியைத் தொட்டு "நாங்கள் எவ்வளவு பழையவர்கள்?" என்று கேட்டோம். "எங்கள் பிள்ளைகளுக்கு எந்த நோய் வரக்கூடும்?" என்று கேட்க மறந்தோம். முன்னதற்கு விடை கிடைத்ததும் கைதட்டிக் கலைந்துவிட்டோம். 50 அகவைக்குள் தந்தையை இழந்த பிள்ளைக்கு, 50,000 ஆண்டுப் பழமையால் என்ன பயன்?

நம் நிலத்திற்கு இக்கேள்வி பிறரினும் மிகுதியாகவே வேண்டும். கரணியம் சொல்கின்றேன். 2017இல் வெளியான ஆய்வில், ஐதராபாத்து ஆய்வாளரும் அமெரிக்க ஆய்வாளரும் சேர்ந்து, தெற்காசியாவின் 263 குழுக்களை ஆய்ந்தனர். அவற்றுள் 81 குழுக்கள், பின்லாந்தியரினும் அசுக்கனாசி யூதரினும் வலிதாக, சிறுதொகை மூதாதையரிடமிருந்து பெருகியவை எனக் கண்டனர். அவற்றுள் 14 குழுக்கள் பத்து இலக்கத்திற்கும் மேற்பட்ட மக்கள் தொகை உடையவை. தொகை பெரிது, வேர் சிறிது.

இதனை உங்களுக்கு நான் விளக்க வேண்டுவதில்லை. ஏலத்தோட்டத்தில் நாள்தோறும் காண்கின்றீர்கள். இடுக்கி உழவர் செபாசுட்டியன் சோசப்பு தேர்ந்தெடுத்த ஞள்ளானி வகை, தூர் பிரித்துத் தூர் பிரித்து நட்டே மலையின் பெரும்பகுதியில் பரவிவிட்டது. சரம் நீளம், காய் பருமன், விளைச்சல் மிகுதி; எல்லாம் நன்று. ஆனால் அந்தத் தாய்த்தூரில் ஒரு நோய்க்கு இடங்கொடுக்கும் மென்மை இருந்தால், மலை முழுதும் அம்மென்மை இருக்கும். ஒருபுறம் இடர். மறுபுறம் ஆதாயம்: ஒரு தூரை நன்றாக அறிந்தவன் ஆயிரம் காணியை அறிந்தவன். மாந்தர் தூர் பிரித்து நடப்படுவதில்லை. தாய் தந்தை இருவர் கலப்பில் பிறப்பதால் உவமை முழுதும் பொருந்தாது. ஆயினும் குலத்துக்குள்ளேயே, முறைக்குள்ளேயே நூற்றாண்டுகளாக மணந்து வந்துள்ளோம். சமவெளியின் பெருங்குலத்தார்க்கும் இது பொருந்தும். குரங்கணிப் பக்கம் வாழும் முதுவர் போன்ற சிறுகுடியினர்க்கும் பொருந்தும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதைக் கேட்டுவிட்டு, "அந்தக் குலத்தார் குருதியே கெட்டது" என்று எவனேனும் திண்ணையிற் பேசுவானாயின், அவன் என் பேச்சின் ஓரெழுத்தையும் விளங்கிக் கொள்ளாதவன். பிழையில்லா ஏடு உலகில் இல்லை. ஒவ்வொரு குழுவிடமும் ஏதோ ஒரு வரியில் ஏதோ ஒரு பிழை உண்டு. மேல் கீழ் என்பதை மரபணுவில் தேடுகின்றவன் அங்கே காணப்போவது ஒன்றுமில்லை. அதனாலேயே, இத்தகைய செய்திகளைத் திரட்டுவோர் அவற்றை மறைவாகக் காத்தல் வேண்டும். மணப்பேச்சுக்கும் வேலை மறுப்புக்கும் அவை கருவியாகாதிருக்க வேண்டும். இந்த உறுதி கிடைக்காவிடில், ஏழை எவனும் தன் குருதியைக் கொடுக்கத் தயங்குவதில் பிழையில்லை என்பதே என் கருத்து.

நம் நாட்டிலும் வேலை தொடங்காமல் இல்லை. முத்துலட்சுமி அம்மையார் முயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாற்றுப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், குடற்புற்றுற்றோரிடம் எம்.எசு.எச்.2, எம்.எல்.எச்.1 ஆகிய இரண்டு மரபணுக்களையும் ஆய்ந்து 2004இலேயே வெளியிட்டுள்ளனர். நடுவணரசின் திட்டம் ஒன்று 80க்கு மேற்பட்ட மக்கட் குழுக்களிலிருந்து ஏறத்தாழ 10,000 பேரின் முழுச்சுவடியையும் படித்து, 2025 சனவரியில் ஆய்வாளர்க்குத் திறந்துவைத்தது. நூற்றுநாற்பது கோடிப் பேருக்குப் பதினாயிரம் சுவடி! தொடக்கம் என்ற அளவில் வரவேற்போம்.

இனி, தங்கையின் திருமணம். இலிஞ்சு வழிப் பிழை, பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பாகச் செல்லும். அயலில் மணந்தாலும் அதுவே; முறையில் மணந்தாலும் அதுவே. ஆனால் கணவன் மனைவி இருவரும் அதே மரபணுவில் பிழையுடையவராயின், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பாகப் பிள்ளைக்கு இரண்டு படிகளுமே பழுதுற்று வந்து சேரும். அப்பிள்ளைக்கு மெய்ப்புத் திருத்துநரே இல்லை. அத்தகைய குழந்தைகட்குப் பள்ளி செல்லும் அகவையிலேயே மூளையிலும் குருதியிலும் குடலிலும் புற்று வருகின்றது. அரிதே, ஆனால் உறவுக்குள் மணக்கும் நாட்டில் அவ்வரிது சிறிது அருகில் வந்து நிற்கின்றது. என் மாணவனின் தங்கையும் மாப்பிள்ளையும் ஒரே பாட்டன் பாட்டியின் பேரப்பிள்ளைகள். பெண்ணின் தந்தைக்குக் குடலில். மாப்பிள்ளையின் தாய்க்குக் கருப்பையில். இதனைக் கேட்ட பின் எனக்கு உறக்கம் வரவில்லை.

திருமணத்தை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. அவ்வுரிமை எனக்கில்லை. அந்த மாற்றம் தீங்கற்றதாகவும் இருக்கலாம். தீங்குடையதாயினும் அவ்விருவரில் ஒருவரிடம் இல்லாதிருக்கலாம். பொருள் துணியப்படாத ஒன்றை வைத்துக்கொண்டு திருமணத்தை முறிப்பதும் பிழை. குடலை அறுத்தெறிவதும் பிழை. துணிவதற்கு வழி தேட வேண்டும் என்றேன். மதுரையில் இதில் தேர்ந்த மருத்துவர் ஒருவரிடம் அவனுடன் நானும் சென்றேன். அவர் பொறுமையாக, தமிழிலேயே, ஒருமணி நேரம் விளக்கினார். அவரிடம் அறிந்தவற்றுள் உங்களுக்கும் பயன்படுவதைச் சொல்கின்றேன்.

தாளில் இருந்த மாற்றம் எதுவாயினும் ஆகுக. தந்தையும் பெரியப்பாவும் 50க்குள் இறந்தனர் என்பது ஒன்றே அவனுக்குக் குடலாய்வு செய்யப் போதிய கரணியம் என்றார் அவர். செய்தார்கள். இரண்டு குடல்முளைகள் இருந்தன, அகற்றிவிட்டார்கள். ஆயிரக்கணக்கில் செலவிட்டுப் பெற்ற தாள் சொல்லாததை, அவன் வீட்டுச் சாவுக் கணக்குச் சொல்லிவிட்டது. பிழை உறுதிப்பட்ட குடும்பத்தினர் 20, 25 அகவையிலிருந்தே ஈராண்டுக்கு ஒருமுறையேனும் இவ்வாய்வு செய்துகொள்ள வேண்டுமாம். ஒருநாள் கூலி போகும், முதல்நாள் பட்டினியும் பேதி மருந்தும் உண்டு, கூச்சமும் உண்டு. ஆயினும் செய்யுங்கள்.

மற்றொன்று, நீங்கள் கட்டாயம் அறிய வேண்டியது. குடலிலோ கருப்பையிலோ புற்றுக்கட்டி அறுத்தெடுக்கப்பட்டால், அதன் சிறு துண்டை மெழுகில் பதித்து மருத்துவமனையில் வைத்திருப்பார்கள். அதிலிருந்து மெல்லிய சீவல் எடுத்துச் சாயமேற்றினால், மெய்ப்புத் திருத்துநர் நால்வருள் எவர் அங்கே இல்லை என்பது தெரிந்துவிடும். முழுச்சுவடி படிப்பதினும் செலவு மிகக் குறைவு. ஒருவர் இல்லையெனத் தெரிந்தால் அம்மரபணுவைத் தேடிப் படிக்கலாம். பிறவிப் பிழையின்றியும் சிலர்க்கு எம்.எல்.எச்.1 அடங்கிப்போவதுண்டு, அதனை மருத்துவர் பிரித்தறிவார். உங்கள் வீட்டில் எவர்க்கேனும் கட்டி எடுத்தால், "நான்கு புரத ஆய்வு செய்தீர்களா ஐயா?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. இங்கிலாந்தின் நியூகாசில் ஆய்வாளர்கள் ஆசுப்பிரின் மாத்திரை இக்குடும்பத்தினர்க்குக் குடற்புற்றைக் குறைப்பதாக 2011இல் காட்டியுள்ளனர். ஆனால் அதனைக் கடையில் வாங்கித் தாமே விழுங்கத் தொடங்காதீர். வயிற்றில் குருதிக்கசிவு உண்டாக்கும் மருந்து அது.

மொழியைப் பற்றி ஒரு சொல். இத்தனையும் அவனுக்கு முதலிலேயே தமிழில் சொல்லப்பட்டிருந்தால், அவன் மூன்று திங்கள் உறக்கமின்றி அலைந்திருக்க மாட்டான். இசைவுத்தாளில் கையெழுத்திட்டபொழுது எதற்கு இசைந்தான் என்றே அவனுக்குத் தெரியாது. விளங்காத மொழியில் பெறும் இசைவு இசைவாகாது. அதே நேரத்தில் நம்மவரையும் நோகாமல் விட இயலவில்லை. மரபணு என்பதா, ஈனி என்பதா என்று சென்ற ஆண்டு நண்பர்கள் இருவர் என் வீட்டில் இரவு பதினொரு மணி வரை மல்லுக்கட்டினார்கள். இரண்டும் நல்ல சொற்களே. எதையேனும் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பிள்ளையிடம் பொருளைச் சொல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

எஞ்சியிருப்பது அத்தை. அவர் குருதி கொடுத்தால், அம்மாற்றம் அவரிடமும் உண்டா எனத் தெரியும். அவரது பழைய மெழுகுத்துண்டு கிடைத்தால் இன்னும் தெளிவாகும். முதலில் அவர் மறுத்தார். "என் மகன் திருமணத்தைக் கெடுக்கவா வந்தீர்கள்?" என்று என்னை வாசலிலேயே நிறுத்திக் கேட்டார். முறையான கேள்வி. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அண்ணன்மார் இருவரின் பெயரையும், இறந்த அகவையையும், அவர் பெயரையும் நோய் கண்ட அகவையையும் ஒரு தாளில் கொடிவழியாக வரைந்து, கீழே பிறவாத பேரப்பிள்ளைக்கு ஒரு வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு கிழமை கழித்து அவரே மகனை அனுப்பி என்னை அழைத்தார். சென்ற வியாழக்கிழமை குருதி கொடுத்தார். மாணவன் மெழுகுத்துண்டைக் கேட்டு வாங்க மதுரைக்குச் சென்றிருக்கின்றான். விடை வரும்வரை நாள் குறிப்பதில்லை என்று இருவீட்டாரும் ஒருமனமாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் அதற்கு இசைந்தார்கள்.

இங்கு வந்திருப்போருள் 50 அகவைக்குள் குடலிலோ கருப்பையிலோ புற்றுக்கு உறவை இழந்தவர் இருப்பின், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். கொடிவழி வரைவதற்குத் தாள் கொண்டுவந்திருக்கின்றேன்.